கத்தி உறையில் நிற்கமாட்டேன் என்கிறது, உங்கள் அனுபவம் என்ன?

தோப்புக்காரன், தேவகோட்டை

மட்டை கழிக்கிற அரிவாள் திருப்பாச்சேத்திப் பட்டறையில் அடித்தது. சாக்கில் சுற்றி வண்டியில் போட்டால் அதன் கதை முடிந்தது. என் பிரச்சினை இடுப்பில் செருகுகிற சின்னக் கத்தி. ஐந்து அங்குல அலகு, மடக்க முடியாது. ஆன்லைனில் உறையோடு வாங்கினேன். பிடியைச் சுற்றி ஒரு தோல் வார், அதில் ஒரு டிச் பட்டன். பிடிமானம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

போன மாதம் ஊருணிப் படியில் குனிந்து கால் கழுவினேன். ‘டொப்’பென்று சத்தம். நெற்று விழுந்தது என்று நினைத்து வந்துவிட்டேன். வீட்டில் பெல்ட்டைக் கழற்றினால் உறை மட்டும் இருக்கிறது. வார் முக்கால்வாசி அறுந்து நூலாகத் தொங்குகிறது. கத்தியை உருவும்போதெல்லாம் கூர் அதை உரசியிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. தண்ணீரில் விழுந்ததால் போச்சு, தொடையில் இறங்கியிருந்தால்? அடுத்த கத்தி வாங்கிவிட்டேன். அதன் உறையும் இதே மாதிரி. என்ன செய்யலாம்?

பள்ளத்தூர்

பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி, பிடியையும் உறையையும் சேர்த்து மாட்டுங்கள். பத்து வருஷமாக அப்படித்தான். செலவு பூஜ்யம்.

தோல் தைப்பவன், காரைக்குடி

பள்ளத்தூர் அண்ணன் சொல்வது பெட்டியில் வைக்கிற கத்திக்குச் சரி. நாளைக்கு இருபது தடவை உருவுகிறவருக்கு அது தொல்லை. ஒரு நாள் அவசரத்தில் மாட்டாமல் விடுவார், அன்றைக்குத்தான் விழும்.

நானும் முதலில் வாரைத்தான் நம்பினேன். ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு பட்டன் வைத்துத் தைத்தேன், இரண்டும் நாலே மாதத்தில் தளர்ந்து திரும்பி வந்தன. அப்புறம்தான் பின்லாந்துக்காரர்களின் ‘பூக்கோ’ கத்தி உறையைப் பார்த்தேன். அதில் வாரும் கிடையாது, பட்டனும் கிடையாது. பிடியில் பாதிக்கு மேல் உறைக்குள் இறங்கிவிடும். தோல் பிடியைத்தான் கவ்வுகிறது, அலகு சும்மா உள்ளே இருக்கிறது. இது புரிந்ததும் என் தையலே மாறிவிட்டது.

தோல் முக்கியம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய தோலாகப் பார்த்து வாங்குகிறேன். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் குமிழி அடங்கும்வரை ஊறவைத்தால் மாவு மாதிரி இளகும். கத்தியைப் பாலிதீன் தாளில் நாலு சுற்று சுற்றி (இல்லாவிட்டால் துரு) உள்ளே செருகி, பிடியின் இடுப்பு ஒடுங்குகிற இடத்தில் கரண்டிக் காம்பால் அழுத்தி அழுத்தி வடிவம் எடுக்க வேண்டும். நிழலில் காயட்டும். சித்திரை வெயிலில் வைத்தால் அப்பளமாகிவிடும். காய்ந்ததும் அந்த ஒடுக்கம் அப்படியே நிற்கும், கத்தி உள்ளே போகும்போது ஒரு சின்னக் ‘கிளுக்’ கேட்கும். குரோம் உப்பில் பதப்படுத்திய தோலில் இந்த வடிவம் நிற்காது.

இன்னொன்று, கூர் படுகிற பக்கம் இரண்டு தோலுக்கும் நடுவில் ஒரு தோல் நாடா கொடுத்துத் தைக்கவேண்டும். அது இல்லையென்றால் கூர் நேராகத் தையல் நூலைத்தான் அறுக்கும். ஆன்லைன் உறைகளில் நான் பிரித்துப் பார்த்த மூன்றில் இரண்டில் அது இல்லை.

பழைய சாமான் பைத்தியம், கோட்டையூர்

என்னுடையது மர உறை. எங்கள் ஐயா பர்மாவில் பெட்டியடிப் பையனாக (வட்டிக்கடை எடுபிடியாக) இருந்தவர், 1942-ல் எல்லாரும் கிளம்பி வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் ஒரு பர்மியக் கத்தி. ‘தா’ என்பார்கள். இரண்டு மரப் பாதிகளை ஒட்டி, மேலே பிரம்பு வளையம் போட்ட உறை. ஐப்பசி, கார்த்திகையில் உருவவே முடியாது, மரம் உப்பிவிடும். சித்திரையில் தலைகீழாகப் பிடித்தால் சறுக்கிக்கொண்டு வரும்.

ஒரு தடவை வெயில் காலத்தில் மச்சிலிருந்து இறக்கினேன். உறை கையில், கத்தி ஆத்தங்குடிக் கல்லில். கல்லில் ஒரு கீறல் விழுந்தது. அப்பத்தா கத்தியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கல்லுக்காக ஒரு வாரம் திட்டினார். ஆசாரி வந்து, உறையின் வாயில், பிடியின் பூண் உட்காருகிற இடத்தில், காகிதம் மாதிரி ஒரு தேக்குச் சீவலை ஒட்டினார். தட்டைப் பக்கத்தில்தான் ஒட்டினார், கூர்ப் பக்கம் தொடவே இல்லை. இப்போது வெயிலிலும் நிற்கிறது. மழைக்கு இறுகும், அதை நான் கண்டுகொள்வதில்லை.

புதுவயல் (ராணுவத்தில் இருந்தவன்)

கூர்க்கா நண்பர் ஒருவர் குக்ரி (அவர்களுடைய வளைந்த கத்தி) உருவக் கற்றுக்கொடுத்தார். முதல் பாடமே உறையைப் பிடிக்கிற கைக்குத்தான். விரல்களை உறையின் கூர்ப் பக்கம் சுற்றக் கூடாது. அந்த உறை மரத்தின்மேல் தோல் போர்த்தியது, உள்ளே மரம் தேய்ந்து தோல் மட்டும் மிச்சமிருந்தால் அலகு அதை அறுத்துக்கொண்டு விரலுக்கு வரும். தேவகோட்டையாரே, இறுக்கமான உறை வந்த பிறகு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் வெடுக்கென்று இழுப்பீர்கள். கட்டைவிரலால் உறை வாயை ஒரு தள்ளு தள்ளி, பிடி இளகியதும் உருவுங்கள்.

பேரன் கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை வைத்திருக்கிறான். சூடாக்கி அச்சு எடுத்தது, நன்றாகத்தான் கவ்வுகிறது. ஆனால் நம்ம ஊர்ச் செம்மண் துகள் உள்ளே போய் அலகு முழுக்கக் கோடு கோடாக இருக்கிறது. மாதம் ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசச் சொல்லியிருக்கிறேன். கேட்டால்தானே.

தோப்புக்காரன், தேவகோட்டை

காரைக்குடி அண்ணனிடமே போய்த் தைத்துவிட்டேன். பிடியில் பாதி உள்ளே இருக்கிறது, வார் இல்லை. தலைகீழாக வைக்கோல்மேல் பிடித்து உதறிப் பார்த்தேன், அசையவில்லை. முதல் மூன்று நாள் இரண்டு கையும் வேண்டியிருந்தது, இப்போது கட்டைவிரல் தள்ளே போதும். ராத்திரி மட்டும் கத்தியை வெளியே எடுத்து எண்ணெய்த் துணியில் துடைத்து வைக்கிறேன், தோல் ஈரம் வாங்கும் என்று அண்ணன் சொன்னார்.

பழைய கத்தி இன்னும் ஊருணியில்தான். வைகாசியில் தண்ணீர் இறங்கினால் தேடவேண்டும், அதற்குள் யாரும் அந்தப் படியில் கால் வைக்காமல் இருக்க வேண்டும். ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்.