கீசருக்குள் போகும் அந்த ஒரு அடி பைப்: யூபிவிசி போதுமா?

கொத்தனார் பேரன்: "பச்சைத் தண்ணீர் லைன் முழுக்க யூபிவிசி (சாதாரண பிளாஸ்டிக் பைப்) போதும், கீசரிலிருந்து வெளியே வரும் லைனுக்கு மட்டும் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) போடுங்கள், மற்றதெல்லாம் பிளம்பர் கமிஷன்" என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதினார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கீசருக்குள் போகும் பைப்பும் சுடும். எங்கள் வீட்டில் அந்த ஒரு அடியில் போட்ட யூபிவிசி எல்போ (பைப்பைத் திருப்பும் முழங்கைத் துண்டு) ஆறே மாதத்தில் இளகி வளைந்தது. டைல்ஸை உடைத்துத்தான் மாற்றினோம். வீடு கட்டுகிறவர்களைக் கெடுக்காதீர்கள்.

தாமிரபரணி: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். உள்ளே போவது பச்சைத் தண்ணீர். பச்சைத் தண்ணீர் ஓடும் பைப் எப்படி இளகும்? உங்கள் பிளம்பர் மட்டமான எல்போவைப் போட்டிருப்பார்.

கொத்தனார் பேரன்: எல்போ ஐஎஸ்ஐ முத்திரை போட்டது. தண்ணீர் சூடானால் விரியும் என்பதாவது தெரியுமா? 25 லிட்டர் கீசரில் 28 டிகிரித் தண்ணீர் 65 டிகிரிக்கு ஏறினால் ஏறக்குறைய 400 மில்லி கூடும். குழாய் மூடியிருக்கும்போது அது எங்கே போகும்? தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாவிட்டால் வந்த வழியேதான் திரும்பும். யூபிவிசிக்கு 45 டிகிரியே எல்லை. சிபிவிசி 93 வரை தாங்கும் என்று கம்பெனிக்காரர்களே அச்சடிக்கிறார்கள்.

தாமிரபரணி: திரும்புவது தொட்டியின் அடித் தண்ணீர். சூடு மேலே நிற்கும், அடியில் பச்சைத் தண்ணீர்தான். கணக்குச் சொல்லி மிரட்ட வேண்டாம்.

கொத்தனார் பேரன்: தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட்டிங் காயிலும் அடியில்தான் இருக்கிறது ஐயா! சூடாகி முடிந்து கீசர் விளக்கு அணையும்போது அடியில் பச்சைத் தண்ணீர் எங்கே மிச்சமிருக்கும்? கீசர் ஓடி முடித்த பிறகு அந்த ஒரு அடி பைப்பில் கை வையுங்கள்.

பழைய இரும்பு: இந்த பிவிசி சண்டையே வேண்டாம். எங்கள் தாத்தா வீட்டில் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப், நீலப் பட்டை போட்ட பி கிளாஸ் (நடுத்தரக் கனம்). இன்றும் ஒழுகவில்லை. வெந்நீர், பச்சைத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரே பைப்.

ராம்நாடு வாசி: ஒழுகாது, தண்ணீரும் வராது. எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஜிஐ போட்டுப் பாருங்கள். அரை இஞ்ச் பைப்பை அறுத்தால் உள்ளே உப்பும் துருவும் அடைத்துப் பென்சில்கூட நுழையாது. ஆற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு இது எங்கே புரியப் போகிறது?

தாமிரபரணி: என் பெயரை வைத்துக் குத்துகிறீர்களா? ஜிஐ பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் தெருவிலும் போர் தண்ணீர்தான்.

ஏரிக்கரை: பிபிஆர் என்ற பச்சை நிற பிளாஸ்டிக் பைப் பற்றி யாருமே பேசவில்லையே? 260 டிகிரியில் சூடாக்கி ஒட்டினால் பைப்பும் எல்போவும் ஒரே துண்டாகிவிடும். ஒட்டும் பசையான சொல்யூஷனே வேண்டாம்.

பழைய இரும்பு: எல்லாம் பிளாஸ்டிக்தானே. பச்சை நிறம் அடித்தால் வேறாகிவிடுமா?

கொத்தனார் பேரன்: வேறுதான். ஆனால் பேச்சை மாற்றாதீர்கள். தாமிரபரணி, வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து விடும் மிக்ஸர் குழாயையும் நினைத்துப் பாருங்கள். சுவர் மிக்ஸரில் இரண்டு திருகையும் திறந்தபடி விட்டு, கை ஷவரின் முனையை மட்டும் மூடுகிறார்கள். வெந்நீர் மிக்ஸர் வழியாகப் பச்சைத் தண்ணீர் லைனுக்குள் புகுந்துவிடும். சுவருக்குள் காடி வெட்டிப் பூசிய லைன் அது. அங்கே யூபிவிசி போட்டால் யார் பொறுப்பு?

தாமிரபரணி: முதலில் கீசர், இப்போது மிக்ஸர். போன வருடம் சம்ப் மோட்டார் விவாதத்திலும் இப்படித்தான் தாவினீர்கள். மோட்டாரின் உறிஞ்சு பைப் அடியில் மாட்டும் கால் வால்வு (ஃபுட் வால்வு) பற்றி நான் சொன்னதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

கொத்தனார் பேரன்: அந்தக் கால் வால்வு விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி. மூன்று தலைமுறையாகக் கட்டட வேலை பார்க்கும் குடும்பம் எங்களுடையது.

தாமிரபரணி: தாத்தா சுவர் கட்டினார் என்றால் பேரனுக்கு பைப் தெரிந்துவிடுமா? சிபிவிசி இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள் எங்கள் கடையில். எல்லாரிடமும் அவ்வளவு பணம் இல்லை.

கொத்தனார் பேரன்: வீடு முழுக்கவா போடச் சொன்னேன்? டேங்கிலிருந்து சமையலறைக்கு வரும் லைனுக்கு யூபிவிசி தாராளமாகப் போடுங்கள். மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம்தான், எந்த பைப்பும் தாங்கும். குளியலறைக்குள் மட்டும் இரண்டு லைனும் சிபிவிசி. அந்த ஒரு அடியில் மிச்சம் பிடிக்கும் காசு ஒரு டைல்ஸ் பெட்டிக்குக் காணுமா?

மொட்டைமாடி: சிபிவிசியையும் வெயிலில் விடாதீர்கள். எங்கள் மாடியில் பெயின்ட் அடிக்காமல் விட்டது நொறுங்கிப் போனது.

தாமிரபரணி: பார்த்தீர்களா, உங்கள் சிபிவிசியின் லட்சணம்!

கொத்தனார் பேரன்: வெயில் யூபிவிசியையும் விடாது. கீசர் என்ன மொட்டைமாடியிலா இருக்கிறது? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். அந்த ஒரு அடி பைப்பில் கை வைத்துப் பார்த்தீர்களா இல்லையா?

தாமிரபரணி: எட்டு வருடமாக எங்கள் வீட்டில் யூபிவிசிதான் இருக்கிறது. கை வைக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

கொத்தனார் பேரன்: அப்படியென்றால் வைக்கவில்லை.