டிக்கோயாப் பக்கம் மூன்று மாடுகள் கன்று வீசிவிட்டன: அடித்த மருந்தா, தொற்றா?

கொழுந்துக்கூடை
எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பத்து வாரத்துக்குள் மூன்று மாடுகள் காலத்துக்கு முன்பே கன்று வீசிவிட்டன. மூன்றும் ஏழு மாதச் சினை. மூன்று வீட்டாரும் ஒரே மலையில்தான் புல் அறுக்கிறார்கள். அந்த மலைக்கு இந்த வருடம் இரண்டு தடவை களைநாசினி அடித்தார்கள். இங்கே புல் அறுக்க வேண்டாம் என்று ஒரு பலகைகூட வைக்கவில்லை. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? கையெழுத்து வாங்கி, தோட்டத்தை நடத்தும் துரையிடம் கடிதம் கொடுக்கப் போகிறோம். வேறு தோட்டங்களிலும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள், கடிதத்தில் சேர்க்கலாம்.

குண்டசாலைத் தம்பி
அண்ணன், கடிதம் கொடுக்குமுன் கொஞ்சம் பொறுங்கள். நான் சினை ஊசி போடும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் சொன்னதில் எனக்குப் பயம் தருவது மருந்து இல்லை, அந்த ஏழு மாதம்.

நஞ்சு என்றால் ஒரே புல்லைத் தின்ற மாடுகள் ஒன்றிரண்டு நாளிலேயே, பெரும்பாலும் சேர்ந்தே படுக்கும். எச்சில் வடியும், நடை தள்ளாடும், வயிறு கழியும். உங்கள் லயத்தில் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டு நடந்திருக்கிறது. கன்று வீச்சு நோய், அதாவது புரூசெல்லா, இப்படித்தான் நகரும். டென்மார்க்கில் பெர்னார்ட் பாங் 1897இல் கண்டுபிடித்த கிருமி அது. மாட்டின் இளங்கொடியில், அதாவது நஞ்சுக்கொடியில், எரித்ரிடோல் என்றொரு சர்க்கரை உண்டு, அதைத் தின்று கிருமி அங்கே பெருகும். அதனால்தான் சினையின் கடைசி மூன்று மாதங்களில் கன்று விழுகிறது, இளங்கொடி விழாமல் தொங்குகிறது. விழுந்த கன்றையும் ஈரத்தையும் பக்கத்து மாடு நக்கினால் போதும்.

இரண்டு கேள்வி. முதலில் கன்று வீசிய மாடு வெளியிலிருந்து வாங்கியதா? விழுந்த இளங்கொடியை என்ன செய்தீர்கள்?

கொழுந்துக்கூடை
முதல் மாடு போன வருடக் கடைசியில் வெளியில் வாங்கியதுதான். இளங்கொடி இரண்டு நாள் தொங்கியது உண்மை. கடைசியில் விழுந்ததை நாய் இழுத்துப் போனது. ஆனால் தம்பி, எல்லாவற்றையும் கிருமி தலையில் கட்டினால் மருந்து அடிப்பவர்களுக்கு எவ்வளவு வசதி! மாடு செத்தாலும் கிருமி, மனிதனுக்குத் தோல் உரிந்தாலும் அலர்ஜி. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு மருந்து அடித்தவன் நான்.

பழைய வாத்தியார்
கொழுந்துக்கூடையின் கோபத்தை ஒதுக்க முடியாது. பராகுவாட் என்ற களைநாசினியை இந்த மலைகளில் எத்தனை வருடம் அடித்தார்கள்! முறையாக அடித்தால் பயமில்லை என்றுதான் சொன்னார்கள். 2008இல் கட்டுப்படுத்தத் தொடங்கி 2011இல் முற்றாகத் தடை. தற்கொலைச் சாவுகள் காரணமாக. அப்புறம் கிளைபோசேட், அதுவும் களைநாசினிதான். 2015இல் தடை, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மறுபடி அனுமதி. தடை வந்தது வறண்ட பகுதியின் சிறுநீரக நோய் பற்றிய பயத்தால். தளர்ந்தது தேயிலைத் தொழில் கேட்டதால். இடையில் எங்கள் மாடுகள் தின்னும் புல்லைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. சந்தேகப்பட எங்களுக்கு உரிமை உண்டு.

குண்டசாலைத் தம்பி
சந்தேகப்பட உரிமை இல்லை என்று நான் சொல்லவே இல்லை, ஐயா. ஆனால் தேயிலைக்கு அடிக்கும் அளவில் கிளைபோசேட் மாட்டுக்குக் கன்று விழவைத்தது என்று உறுதியான சான்று நான் படித்ததில்லை. புல்லால் கன்று விழும் வேறு வழி ஒன்று இருக்கிறது, நைட்ரேட். யூரியா போட்ட மலையில் மழைக்குப் பிறகு புல் கருகருவென்று வளரும். அதை நிறையத் தின்றால் நைட்ரேட் வயிற்றில் நைட்ரைட் ஆகி, இரத்தம் காற்றைச் சுமக்க முடியாமல் பழுப்பு நிறமாகிவிடும். தாய் தப்பினாலும் உள்ளே கன்று மூச்சுத் திணறிச் சாகும், ஒரு கிழமைக்குள் விழும். தேயிலை பிடுங்கிய மலையில் மண்ணைத் தேற்ற வளர்க்கும் குவாத்தமாலாப் புல்லை அறுக்கிறவர்களும் உரம் எப்போது போட்டார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இதுவும் பத்து வாரம் இழுக்காது.

உங்கள் லயத்து ஆடுகளுக்கு என்ன ஆனது? அதே புல்தானே?

கொழுந்துக்கூடை
ஆடுகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் அவை முள்முருங்கை இலை தின்பவை. புல்லை முகர்ந்து விட்டுப் போகும். ஆட்டை வைத்து மருந்தை விடுவிக்க முடியாது.

குண்டசாலைத் தம்பி
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

லயத்து அக்கா
இரண்டாவது கன்று வீசியது எங்கள் மாடு. இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இளங்கொடி விழவில்லை என்று என் வீட்டுக்காரர்தான் கையை விட்டு எடுத்தார். கையுறை ஏது? முழங்கை வரை இரத்தம். அது நடந்து ஐந்து கிழமை. மூன்று கிழமையாக அவருக்குக் காய்ச்சல் வந்து வந்து போகிறது. இராத்திரியில் படுக்கை நனையும் அளவுக்கு வேர்வை, இடுப்பு வலி, கொழுந்துச் சாக்கைத் தூக்க முடியவில்லை. இரத்தம் பார்த்து டெங்கு இல்லை என்றார்கள், பனடோல் தந்தார்கள். நாங்களும் சாதாரணக் காய்ச்சல் என்று இருந்துவிட்டோம். தம்பி, நீங்கள் சொல்லும் கிருமி மனிதருக்கும் வருமா?

குண்டசாலைத் தம்பி
வரும் அக்கா. தயவுசெய்து நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். போனதும் முதல் வார்த்தையாக, மாடு கன்று வீசியது, கையுறை இல்லாமல் இளங்கொடி எடுத்தார் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் டாக்டருக்கு இந்த நோய் நினைவுக்கு வராமல் போகலாம். எலிக்காய்ச்சலுக்கும் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் மாட்டுக்குக் கன்று வீச வைக்கும், மனிதருக்கும் வரும். புரூசெல்லா என்று வந்தால் வழக்கமாக இரண்டு மருந்து, ஆறு கிழமை. நடுவில் காய்ச்சல் விட்டதே என்று நிறுத்தினால் திரும்பி வரும்.

மோல்டாத் தீவில் ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு வந்த காய்ச்சல் இதே குடும்பத்துக் கிருமிதான். 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் சாமிட் அது ஆட்டுப் பாலில் வருவதைக் கண்டார். அடுத்த வருடம் அந்தப் பாலை நிறுத்தியதும் சிப்பாய்களிடையே காய்ச்சல் சரசரவென்று குறைந்தது. எங்கே இருக்கிறது என்று தெரிந்ததால் நிறுத்த முடிந்தது. வீட்டுப் பாலை நன்றாகப் பொங்கவிட்டுத்தான் குடிக்க வேண்டும். பச்சைப் பாலும் வேண்டாம், காய்ச்சாத பாலில் உறை ஊற்றிய தயிரும் வேண்டாம். எங்கள் குளிரிலும் ஈரத்திலும் வெயில் படாத கொட்டிலில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் கிடக்கும்.

லயத்து அக்கா
மாட்டின் இரத்தத்தையும் பார்ப்பார்களா? நோய் என்று வந்தால் மாட்டைக் கொண்டுபோய்விடுவார்களாம். பால் எடுப்பவர்களும் எங்கள் லயத்தையே ஒதுக்கிவிடுவார்கள். எங்களுக்குப் பால் காசுதான் பிள்ளைகளின் பஸ் காசு. மருந்துதான் காரணம் என்று சொல்வது எங்களுக்கு நல்லதாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

பழைய வாத்தியார்
மகள், நீங்கள் சொன்னதுதான் இந்தப் பேச்சில் பெரிய விஷயம். பரிசோதனை என்றால் சனம் பயப்படுவது மாடு போய்விடும் என்றுதான். மாட்டை விட்டுக்கொடுக்கும் குடும்பத்துக்கு அதன் விலை கையில் கிடைத்தால் யாரும் ஒளிக்க மாட்டார்கள். அதையும் கேட்டு எழுதுவோம், களைநாசினியோடு சேர்த்து.

கொழுந்துக்கூடை
அக்கா, உங்கள் வீட்டுக்காரர் விஷயம் எனக்குத் தெரியாமல் போனது. முதலில் அவரைப் பாருங்கள், கடிதம் ஓடிப்போகாது.

ஆனால் தம்பி, ஒன்று. தொற்று என்று வந்தால் அடித்த மருந்தைப் பற்றிப் பேச்சே நின்றுவிடும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். மாடு வைத்திருக்கும் சனம் அறுக்கும் மலையில் பலகை இல்லாமல் மருந்து அடிப்பது, கன்று விழுந்தாலும் விழாவிட்டாலும் பிழைதான்.

குண்டசாலைத் தம்பி
அதில் நான் உங்கள் பக்கம். பலகைக்காகக் கடிதம் எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். கன்று விழக் காரணம் மருந்துதான் என்ற வரியை மட்டும் இப்போது எழுத வேண்டாம். அந்த வரி தவறு என்று வந்தால் மிச்சக் கடிதத்தையும் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

மிருக வைத்தியரைக் கூப்பிட்டு மூன்று மாட்டின் இரத்தத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று கிழமை கழித்து மறுபடி எடுக்க வேண்டியும் வரலாம். இனி ஒரு கன்று விழுந்தால் வெறுங்கையால் தொடாமல், கன்றையும் இளங்கொடியையும் பொலித்தீனில் கட்டி, ஐஸ் வைத்து அவரிடமே கொடுங்கள். கன்னொறுவையில் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அவர் அங்கே அனுப்பலாம். அதே மலையில் அறுத்த புல்லையும் தனியாகக் கட்டிக் கொடுத்து, நஞ்சுக்கும் நைட்ரேட்டுக்கும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நாய்களைக் கொட்டிலுக்குள் விடாதீர்கள். இளங்கொடியை இழுப்பது மட்டுமில்லை, நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாயின் மலத்தால் தீனியில் கலந்தும் மாடு கன்று வீசும்.

கொழுந்துக்கூடை
புல்லை நானே அறுத்துக் கட்டுகிறேன். மருந்து அடித்த திகதியையும் சீட்டில் எழுதி வைப்பேன்.

லயத்து அக்கா
இன்று காலை அவரைக் கூட்டிப்போனேன். நீங்கள் சொன்னபடி முதலில் மாட்டைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டார். வார்டில் வைத்திருக்கிறார்கள், இரத்தம் எடுத்துவிட்டார்கள். நாளைக்கு மிருக வைத்தியர் வருகிறார். மூன்றாவது கன்றைப் புதைத்த குழி ஆழமில்லை. தோண்டாமல், மேலே சுண்ணாம்பு போட்டுக் கல் அடுக்கச் சொல்லியிருக்கிறேன், நாய் கிளறாமல் இருக்க. பிள்ளைகளுக்கு இன்றைக்குப் பால் பொங்கின பிறகும் கொஞ்ச நேரம் அடுப்பிலேயே வைத்திருந்தேன்.