மொத்தமாக நெட்வொர்க் பூட் செய்தால் பாதி கணினிகள் நின்றுவிடுகின்றன, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. காரைக்குடி பக்கம் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் நடக்கும் பயிற்சி மையத்தில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஃபாக் சர்வர் (கணினிகளை நெட்வொர்க் வழியாக பூட் செய்து, அவற்றில் இமேஜ் ஏற்றித் தரும் மென்பொருள் ஓடும் கணினி) முகப்பில், 40 கணினிகள் இரண்டாம் கட்டில். நடுவே வளவு ஓரமாக ஒரே கேபிள்தான் போகிறது; இரு முனையிலும் சாதாரண கிகாபிட் ஸ்விட்ச்.

தனித்தனியாக பூட் செய்தால் எல்லாமே மெனுவுக்குப் போகின்றன. அதனால் பூட் கோப்பு, ஃபயர்வால் மேல் சந்தேகம் இல்லை. மொத்தமாக ஆன் செய்தால் பாதிக்கு மேல் ஐபி வாங்கிவிட்டு, 'பிஎக்ஸ்இ-இ32: டிஎஃப்டிபி ஓப்பன் டைம்அவுட்' (பூட் கோப்பு கேட்டு சர்வரிடமிருந்து நேரத்துக்குள் பதில் வரவில்லை) என்று நின்றுவிடுகின்றன. சரி, வந்தவரை போதும் என்று மல்டிகாஸ்டை (ஒரே இமேஜைப் பல கணினிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது) ஓடவிட்டால், அதில் சேராத கணினிகளின் போர்ட் விளக்குகளும் ஓயாமல் மினுக்குகின்றன. அதன்பின் எதுவும் புதிதாக பூட் ஆவதில்லை.

ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (மல்டிகாஸ்டில் சேர்ந்த போர்ட்களை ஸ்விட்ச் கவனித்து, அவற்றுக்கு மட்டும் அனுப்பும் வசதி) இல்லாததால் ஸ்விட்ச் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்புகிறது என்று நினைக்கிறேன். ஆனால் மல்டிகாஸ்ட் தொடங்கும் முன்பே டைம்அவுட் வருவது ஏன்? அதுதான் புரியவில்லை. மேனேஜ்டு ஸ்விட்ச் (இப்படி அமைப்புகளை மாற்றக்கூடியது) வாங்கினால் ஸ்னூப்பிங்கோடு குவெரியரும் (மல்டிகாஸ்டில் யார் இருக்கிறார்கள் என்று அவ்வப்போது கேட்பது) வைக்க வேண்டுமா? அதுவரை வரிசை வரிசையாக ஆன் செய்வது தவிர வேறு வழி உண்டா? அடுத்த வாரம் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு. அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.