சிற்றூருக்கான காற்று முன்னறிவிப்பு: களத்தில் கண்டவை

கூரைப் பணி மேற்பார்வையாளர்:

கூரைத் தகடு பொருத்தும் பணியை மேற்பார்வையிடுவது என் தொழில். ஆகவே மறுநாள் காற்று எவ்வாறு இருக்கும் என்று பார்க்காமல் ஆட்களை மேலே ஏற்றுவதில்லை. கைப்பேசிச் செயலியில் ஒரு சிற்றூரின் பெயரைத் தேடினால் கிடைக்கும் எண், பெரும்பாலும் அவ்வூரில் எவரும் அளந்து சொன்னதாக இருக்காது. உலக அளவிலான கணினி மாதிரிகள் நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாதிரியில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 9 கிலோமீட்டர், அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாதிரியில் சுமார் 13 கிலோமீட்டர். ஊரும் குன்றும் ஏரியும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுவதால், குன்றுகளின் இடைவெளியில் காற்று நெருக்குண்டு வேகமெடுப்பதும், குன்றின் மறைவில் தணிந்துவிடுவதும் அந்த எண்ணில் தெரிவதில்லை.

கணவாயை நோக்கி நின்ற ஒரு கட்டடத்தில் இதை நேரில் கண்டேன். செயலி மணிக்கு 18 கிலோமீட்டர் என்று காட்டிய முற்பகலில், தூக்கிய தகட்டின் ஓரம் படபடவென்று அதிர்ந்து, இருவர் பிடித்தும் நில்லாமல் மேல்நோக்கி வளைந்தது. ஊரின் மறுபுறம், குன்றின் மறைவில் வேலை செய்துகொண்டிருந்த ஆட்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, அங்கே சாரத்தில் கட்டிய கயிறுகூட அசையவில்லை என்றார்கள்.

அதன்பின் சராசரி வேகத்தைவிடத் திடீர் வீச்சின் வேகத்தையே முதலில் பார்க்கிறேன். பொதுவாகச் சராசரி என்பது திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், 10 நிமிடங்களுக்குக் கணக்கிடப்படுவது. வீச்சோ சில நொடிகளில் வந்து போவது. தகட்டைப் பிடுங்குவது அந்தச் சில நொடிகள்தான். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 20 கிலோமீட்டர் வேகம் 40 ஆகும்போது தகட்டின் மீதான விசை நான்கு மடங்காகிவிடுகிறது.

நேரமும் முக்கியம். வெயில் ஏறித் தரை சூடாகும்போது மேலிருக்கும் வேகமான காற்று கீழ்வரை கலந்து இறங்குவதால், விடியலில் அமைதியாக இருந்த இடம் முற்பகலில் மாறிவிடும். பெரிய தகடுகளை அதற்கு முன்பே ஏற்றி முடிப்பது எங்கள் வழக்கம். இடிமேகத்திலிருந்து இறங்கிப் பரவும் குளிர்ந்த காற்றை மட்டும் முந்தைய நாள் முன்னறிவிப்பில் தேடிப் பயனில்லை, ஏனெனில் ஒரு தனி மேகம் இன்ன ஊரின் மேல் இன்ன நேரத்தில் திரளும் என்று அத்தகைய மாதிரிகளால் சொல்ல இயலாது. தொலைவில் இடி கேட்டு, புழுக்கத்தின் நடுவே திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால் உடனே ஆட்களை இறக்கிவிடுகிறேன்.

பயிர்ப் பாதுகாப்புப் பணியாளர்:

ஐயா, தங்களுக்கு உகந்த அந்த அமைதியான விடியற்பொழுது, மருந்து தெளிக்கும் எங்களுக்கு ஆபத்தானது. தெளிந்த இரவுக்குப் பின் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது, நுண்துளிகள் மேலே எழுந்து கலைய வழியின்றி மிதந்து, பக்கத்து வயலுக்குச் சென்றுவிடுகின்றன. வரப்பில் மூட்டிய சருகுத் தீயின் புகை ஆள் உயரத்துக்கு எழுந்து, பின் பாய் விரித்தாற்போல் கிடையாகப் பரவியதைக் கண்டு, விசைத்தெளிப்பானை இயக்காமல் வெயிலுக்காகக் காத்திருந்திருக்கிறேன். செயலி அப்போது காற்றே இல்லை என்று காட்டியது. அதை நம்பித் தெளித்திருந்தால் பக்கத்துப் பயிர் கருகியிருக்கும். மெல்லிய, திசை மாறாத காற்று வீசும்போது தெளிப்பதே பாதுகாப்பானது; மருந்து எப்பக்கம் போகும் என்பதாவது அப்போது தெரியும்.

கூரைப் பணி மேற்பார்வையாளர்:

புகையைப் பற்றித் தாங்கள் சொன்னது எனக்குப் புதிய செய்தி. கடலோரத்தில் பணி செய்தபோது நான் கண்ட ஒன்றையும் சேர்க்கிறேன்: நிலக்காற்று வலுவாக இருந்த நாள்களில் கடற்காற்று வெகுநேரம் தாழ்த்தியே உள்ளே வந்தது. எனவே அங்கே வேகத்தோடு திசையையும் மணிவாரியாகப் பார்த்து, திசை திரும்பும் நேரத்துக்கு முன்பே கனமான தகடுகளை இறுக்கி முடிக்கத் திட்டமிட்டோம்.