கைபேசியில் செய்தி கேட்டால் போதாதா? ஞாயிறு ஆராதனைக்கு நேரில் போகத்தான் வேண்டுமா?

கேள்வி (ஓசூரிலிருந்து)

சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் ஆறு நாள் ஷிப்ட். ஞாயிறு ஒன்றுதான் உடம்புக்கு ஓய்வு. விசுவாசம் எதுவும் குறைந்துவிடவில்லை. காலையில் வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன், பஸ்ஸில் போகும்போது நல்ல போதகர்களின் செய்திகளைக் கேட்கிறேன். ஊர்க் கோயிலில் கேட்டதைவிட ஆழமான பிரசங்கங்கள் அவை. 2020-இல் கோயில்கள் மூடிக் கிடந்தபோது வீட்டிலிருந்தே ஆராதித்தோம். அன்று ஏற்றுக்கொண்ட ஆண்டவர் இன்று ஏற்கமாட்டாரா? போதாக்குறைக்கு, சபைத் தேர்தல் வந்தால் ஊரே இரண்டுபட்டுப் போவதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வந்திருக்கிறேன்.

ஞாயிறுதோறும் அம்மா போனில் கேட்கும் முதல் கேள்வி, "கோயிலுக்குப் போனாயா?" என்பதுதான். அம்மாவின் மனம் நோகக் கூடாது என்பதைத் தவிர, போவதற்கு வேறு உண்மையான காரணம் உண்டா? பெரியவர்கள் சொல்லுங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியை, நாசரேத் பக்கம்)

தம்பி, பிரசங்கம் கேட்பதற்காகத்தான் கோயிலுக்குப் போகிறோம் என்றால் உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. நல்ல பிரசங்கம் போனிலேயே கிடைக்கிறது, நானும் கேட்கிறேன். ஆனால் அந்தப் போதகருக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் ஒரு மாதம் கேட்காமல் இருந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருந்தார். பனையேறிப் பிள்ளைகளை வளர்த்தவர். இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தார். திருவிருந்து ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் குருவானவர் சிறிய பெட்டியில் தட்டும் கிண்ணமும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவார். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இரண்டொருவர் கூடப் போவோம். அப்பமும் திராட்சரசமும் வாங்கி, ஜெபம் முடிந்து, வாயைத் துடைத்துக்கொண்டதும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இன்றைக்கு யார் யார் வந்திருந்தார்கள்?" தூணோரம் உட்காரும் கொத்தனார் வந்தாரா, வெளியூரில் படிக்கும் பெண் வந்தாளா, பாடகர் குழுவில் தணிந்த குரலுக்கு ஆள் சேர்ந்தானா என்று வரிசை வரிசையாகக் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கோயிலின் உட்புறம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஒரு பெயருக்கு நாங்கள் "தெரியவில்லையே தாத்தா" என்று சொல்லிவிட்டால், விசாரித்து வந்து சொல்லும்வரை விடமாட்டார்.

அப்படி விசாரிக்கப் போன ஒரு வீட்டில், கணவருக்கு வேலை போய்விட்டதை வெளியே சொல்லாமல் அடுப்பை ஒரு வேளையாகக் குறைத்திருந்தார்கள். அன்று மாலையே அரிசியும் பருப்பும் போயிற்று. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைச் சங்கம் கட்டியது. அந்த வீட்டின் கஷ்டத்தைக் கண்டுபிடித்தவர் எழுந்து நடக்க முடியாத மனிதர். சபை என்று நான் சொல்வது இதைத்தான்.

நம் திருநெல்வேலிச் சபையின் தொடக்கத்தைப் பாருங்கள். 1778-இல் பாளையங்கோட்டையில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கையால் ஞானஸ்நானம் பெற்ற, பிராமணக் குலத்தில் பிறந்த குளோரிந்தா அம்மையார் அங்கேயே எழுப்பிய கோயில் 1785-இல்தான் பிரதிஷ்டை ஆயிற்று. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். ஆனால் அதற்கு முன்பே, 1780-இல், அங்கே சபைப் பதிவேடு எழுதப்பட்டிருக்கிறது. அதில் 40 பேர். பல சாதியிலிருந்து வந்தவர்கள். சுவரும் கூரையும் பிறகு வந்தன, பெயர்கள் முதலில் வந்தன.

முதலூரைப் பற்றிச் சாத்தான்குளம் பக்கத்துப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். 1799-இல் தாவீது சுந்தரானந்தம் உபதேசியார் அந்த ஊரை உண்டாக்கியது, விசுவாசத்தின் பொருட்டு அடிபட்டு வீடு வாசல் இழந்தவர்கள் சேர்ந்து வாழத்தான். அவரவர் மனத்துக்குள் நம்பிக்கொண்டு தனித்தனியே கிடந்திருந்தால் அந்த மக்கள் பிழைத்திருக்க மாட்டார்கள். நீங்களும் நானும் இன்று இந்தப் பேச்சைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

தேர்தல் சண்டையைச் சொன்னீர்கள். எனக்கும் அது வேதனைதான். ஆனால் பிடிக்காதவர் இல்லாத இடம் போன் ஒன்றுதான். அங்கே சலித்தால் தள்ளிவிடலாம். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1950-இல் நம் திருவிருந்து ஆராதனை முறையை வகுத்தபோது, சமாதானத்தைக் கையோடு கை கொடுத்துப் பகிரும் வழக்கத்தைச் சேர்த்தார்கள். என் கை அடுத்தவரின் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே போக வேண்டும். எங்கள் ஊரில் வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பி இருவர், வெகு காலம் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள், ஒரு ஞாயிறு இடம் இல்லாமல் ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்தது. சமாதானம் வரிசையாக வந்து அண்ணன் கையில் நின்றது. அடுத்து இருப்பது தம்பி. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கையை நீட்டினார். வழக்கு அன்றே முடிந்துவிடவில்லை. ஆனால் அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோனார்கள். எந்தச் செய்தியைக் கேட்டு அவர் தனியே கையை நீட்டியிருப்பார்?

2020-ஐப் பற்றி. ஆண்டவர் ஏற்றுக்கொண்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மாதங்களில் எங்கள் ஊரில் இறந்தவர்களை நினைத்துப் பாருங்கள். துக்க மணி அடித்தது. துக்க வீட்டில் பாடப் பாடகர் குழு போக முடியவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு கையளவு பேர்தான் போனார்கள். விசுவாசம் எங்களிடம் இருந்தது, கூடுவதற்குத்தான் வழியில்லாமல் தவித்தோம். அந்தத் தவிப்பை இனி வழக்கமாக்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதில் (சென்னை, அம்பத்தூர்)

நான் கத்தோலிக்கன். எங்கள் பங்கில், அதாவது எங்கள் ஆலயத்துக்கு உட்பட்ட பகுதியில், தெருவாரியாக அன்பியம் என்ற சிறு குழு உண்டு. முப்பது வீட்டுக்குள்தான் இருக்கும். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி வேதம் வாசிப்போம். டெங்கு வந்து படுத்திருந்தபோது எனக்கு ரத்தத் தட்டணுக்கள் கொடுக்க வந்தவர்கள் அந்தத் தெருக்காரர்கள்தான். அதற்கு முன் அவர்களுடன் "தோத்திரம்" சொல்வதைத் தவிரப் பெரிய பழக்கம் இல்லை. டீச்சர் சொல்வது சரி.

பதில் (ஊர் வேண்டாம்)

எல்லாரும் நல்லதையே எழுதுகிறீர்கள். எங்கள் ஊரில் தேர்ப் பவனி எங்கள் தெருவுக்குள் வராது. கல்லறைத் தோட்டத்தில் எங்கள் ஆட்களுக்குத் தனி ஓரம். என் தகப்பனாரை அந்த ஓரத்தில் வைத்துவிட்டு வந்தபிறகு நான் போவதில்லை. வீட்டில் ஜெபிக்கிறேன். "யார் வரவில்லை" என்று என்னைத் தேடி எவரும் வந்ததும் இல்லை.

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியை, நாசரேத் பக்கம்)

ஐயா, அந்தக் கோயிலுக்கே திரும்பிப் போங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தகப்பனை ஓரத்தில் வைக்கச் சொன்ன இடம் அது.

சபைக்குள் சாதி கூடாது என்று பேராயர் டேனியல் வில்சன் 1833-இலேயே உத்தரவு போட்டார். தஞ்சாவூர்ச் சபையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. சாதியை விட மனமில்லாமல் சபையை விட்டுப் போனவர்கள் உண்டு. ஏறக்குறைய 200 ஆண்டு ஆகியும் உங்கள் ஊரில் அந்த வேலை முடியவில்லை என்றால் அது எங்கள் எல்லாருடைய வெட்கம்.

எங்கள் பக்கம் அசனம் நடக்கும். வீட்டுக்கு வீடு அரிசியும் தேங்காயும் காணிக்கையும் வாங்கி, இரவெல்லாம் ஆண்கள் சமைத்து, சோற்றைப் பாயில் மலைபோல் கொட்டி, கறிக்குழம்பை வாளியில் எடுத்து ஓடுவார்கள். பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று கேட்கக் கூடாது. படுக்கையில் இருப்பவர்களுக்குத் தூக்குவாளியில் போகும். அந்தப் பந்தியில் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுக் கல்லறையில் பிரித்து வைத்தால், சாப்பிட்டது வெறும் சோறுதான், அசனம் அல்ல. இதை எங்கள் சேகரக் கூட்டத்தில், ஒரு குருவானவரின் கீழுள்ள சபைகள் கூடும் இடத்தில், எழுந்து சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: எல்லாரையும் வரும் வரிசைப்படியே அடக்கம் செய்கிற சபைகள் இருக்கின்றன. பக்கத்து ஊராக இருந்தாலும் பரவாயில்லை, அப்படி ஒன்றைத் தேடுங்கள். உங்களை அந்த ஊர் ஒதுக்கியது போதும். ஆண்டவருடைய ஜனங்கள் எல்லாரையும் நீங்கள் இழக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்

நன்றி டீச்சர். ஒரு சந்தேகம். இங்கே தமிழ் ஆராதனை நடக்கும் கோயிலுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன், ஆசீர்வாதம் முடிந்ததும் கிளம்பிவிட்டேன். யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தெரியாத ஊரில் எப்படித் தொடங்குவது? இரவு ஷிப்ட் வேறு வருகிறது.

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியை, நாசரேத் பக்கம்)

முதலில் ஊர்ச் சேகரக் குருவானவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல் விவரம் எல்லாம் அதில் இருக்கட்டும். அம்மாவிடம் சொன்னால் அன்றைக்கே போய் வாங்கிவிடுவார்கள். அதைக் கொண்டுபோய் அங்குள்ள குருவானவர் கையில் கொடுத்து, பதிவேட்டில் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஆராதனை முடிந்த கையோடு கொடுக்காதீர்கள், அப்போது அவரைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். வார நாளில் ஒரு மாலை போங்கள்.

பிறகு ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். பெஞ்சு போடுவது, ஒலிபெருக்கி பார்ப்பது, ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, எதுவானாலும் சரி. சும்மா உட்கார்ந்து எழுந்து போகிறவரை யாரும் எளிதில் கவனிப்பதில்லை. பாட வரும் என்றால் பாடகர் குழுவுக்குப் போங்கள்; சனிக்கிழமை மாலைப் பயிற்சியில் நான்கு பேர் பழக்கமாகிவிடுவார்கள். உங்கள் குடியிருப்புப் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். ஓசூரில் வேலைக்கு வந்த தென்மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள், உங்களைப் போலவே கடைசிப் பெஞ்சில்.

இரவு ஷிப்ட் முடிந்து வருகிற ஞாயிறு தூங்குங்கள், அது பாவம் அல்ல. ஆனால் முந்தின வாரமே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பகல் தூக்கத்தில் உங்கள் கதவைத் தட்டி ஆள் வந்து நிற்கும்.