ஆடி மழையா, ஐப்பசி மழையா: கிணற்றுத் தண்ணீரை வைத்துச் சொல்ல முடியுமா?

பள்ளத்தூர்க்காரன்:
காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டில் ஒரு கிணறு, தெருக்கோடியில் ஊருணி. ஊருணி நிறைந்தால்தான் கிணறு ஏறும் என்பது வீட்டுப் பெரியவர்கள் பேச்சு. எனக்கென்னவோ ஐப்பசி, கார்த்திகை மழை நேராக மண்ணில் இறங்கி வருகிறது என்று தோன்றுகிறது. தண்ணீரின் ஐசோடோப்பை (ஒரே தனிமத்தில் எடை மட்டும் வேறான அணுக்களாம்) பார்த்தால் இது தெரிந்துவிடுமாமே, நிஜமா? வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) அண்டா வைத்து மழைத் தண்ணீர் பிடிக்கிறோம், அதையே பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் போதுமா? தண்ணீருக்கு எத்தனை வயது என்றும் சொல்வார்களா?

நீரோட்டம்:
வயது இதில் வராது தம்பி. அதற்கு டிரிடியம், கார்பன்-14 என்று வேறு சோதனைகள். நீங்கள் கேட்பது காலப்போக்கில் சிதையாத ஐசோடோப்புகள்: கனமான ஆக்சிஜனான ஆக்சிஜன்-18, கனமான ஹைட்ரஜனான டியூட்டீரியம். எந்தத் தண்ணீரிலும் ஆயிரம் ஆக்சிஜன் அணுவுக்குச் சுமார் இரண்டுதான் ஆக்சிஜன்-18. ஆவியாகும்போது கனமானது பின்தங்கும், மழையாகும்போது முந்திக்கொண்டு விழும், அதனால் மேகம் வழியெல்லாம் பெய்துகொண்டே வந்தால் மிச்சமிருக்கும் ஈரம் கன அணுக்கள் குறைந்து லேசாகிக்கொண்டே போகும் (லேசு என்பது இங்கே அணுவின் எடை, மழையின் அளவு இல்லை). வங்கக் கடலில் தாழ்வு மண்டலமாகச் சுழன்று கொட்டித் தீர்த்துவிட்டு வருகிற வடகிழக்குப் பருவமழை, தென்னிந்தியாவில் தென்மேற்கு மழையைவிட லேசாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம், புயல் மழை என்றால் இன்னும் லேசு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் அந்தக் கடலின் மேற்பரப்பை ஏற்கெனவே லேசாக்கி வைத்திருப்பதும் சேர்ந்துகொள்கிறது. நம்மூர் ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடி இடித்து நாலு தூறல் போடுமே, அது காய்ந்த காற்றில் இறங்கும்போதே கொஞ்சம் ஆவியாகிவிடும், கனம் கூடும். ஆக இரண்டு மழையையும் பிரிக்கலாம், ஆனால் ஒரே ஒரு மழையை வைத்து இல்லை. ஒரே மழையில் ஆரம்பமும் முடிவும்கூட ஒத்துப்போகாது.

ஊருணி விஷயம் இதைவிடச் சுலபம். 1961இல் ஹார்மன் கிரெய்க் என்பவர் உலகத்து மழை, ஆறு என்று ஆவியாதலால் பெரிதாக மாறாத நீரெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் விழுகிறது என்று காட்டினார்: டியூட்டீரியம் = 8 × ஆக்சிஜன்-18 + 10 (இரண்டும் கடல்நீரிலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகல் என்ற கணக்கு). ஊருணி போல வெயிலில் கிடந்து வற்றிய நீர் அந்தக் கோட்டை விட்டு விலகி, 8க்குப் பதில் 4 முதல் 6 வரை சரிவுள்ள இன்னொரு கோட்டில் போகும். உங்கள் கிணறு மழைக்கோட்டிலேயே உட்கார்ந்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஊருணிப் பக்கம் சாய்ந்திருந்தால் பெரியவர்கள் ஜெயித்தார்கள், எத்தனை பங்கு ஊருணி நீர் என்றுகூட உத்தேசமாகக் கணக்கிடலாம்.

கண்மாய்க்கரை:
ஒன்றைச் சேர்க்கிறேன். கிணறு உப்பு ஏறியிருந்தால் உடனே வெயிலில் வற்றிய நீர் என்று நினைக்காதீர்கள். சீமைக்கருவேல வேர் தண்ணீரை உறிஞ்சும்போது ஐசோடோப்பை அநேகமாக மாற்றாது, உப்பை மட்டும் மண்ணில் விட்டுவிடும். உப்பும் கூடி ஐசோடோப்பும் கனமாகியிருந்தால் வெயில் வேலை, உப்பு மட்டும் கூடியிருந்தால் மரமோ பாறையோ.

பள்ளத்தூர்க்காரன்:
நன்றி அண்ணே. அண்டா பற்றிச் சொல்லவில்லையே?

நீரோட்டம்:
அதுதான் பெரும்பாலும் கெடுவது. காய்ந்து கொதிக்கிற ஓட்டில் விழும் முதல் தண்ணீரே பாதி ஆவியாகி வரும், அப்புறம் அண்டாவில் மறுநாள் வரை திறந்து கிடந்தால் நீங்கள் அளப்பது மழையை இல்லை, அண்டாவை! மொட்டை மாடியில் புனல் வைத்துப் பிடியுங்கள், மழை விட்டதும் சின்ன பாட்டிலில் கழுத்து முட்ட நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் இறுக மூடுங்கள். ஐம்பது மில்லி தாராளம். மாதம் முழுக்க ஒரே பாத்திரத்தில் சேர்ப்பதானால் ஆவியாகாமல் இருக்க மேலே பாரஃபின் எண்ணெய் ஒரு படலம் விட வேண்டும், இப்போதைய லேசர் கருவிகளுக்கு அந்த எண்ணெய் ஆகாது என்பதால் ஆய்வகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மழையும் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வைப்பது கட்டாயம், சராசரி போடும்போது கொட்டிய மழைக்கும் தூறலுக்கும் ஒரே எடை கொடுக்கக் கூடாது.

கண்மாய்க்கரை:
ஊருணியில் கரையோரம் மொள்ள வேண்டாம், படித்துறையிலிருந்து நீண்ட கம்பில் கட்டி உள்ளே தள்ளி எடுங்கள். சித்திரையில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை, அதே நாளில் கிணற்றிலும் எடுங்கள்.