மறு: உறவினர் ஒட்டுறவா, குடும்பச் சாயலா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

உயரம், ரத்த அழுத்தம் போன்றவற்றில் உறவினர்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்ற அளவுக்குத் தமிழில் ‘உறவினர் ஒட்டுறவு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். ஒட்டுறவு, ‘கோரிலேஷன்’ என்பதற்குப் புள்ளியியல் பாடநூலில் வேர்விட்ட சொல், அதோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்து லைன் வீடுகளில் உயரமும் ரத்த அழுத்தமும் அளக்கப் போனபோது, படிவத்தின் தலைப்பில் அதைத்தான் அச்சடித்திருந்தோம். ஒரு பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “எனக்கும் எந்தம்பிக்கும் ஒட்டுறவே கெடையாதுப்பா, பேச்ச நிறுத்திப் பத்து வருசமாச்சு” என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சொந்தக்காரர்களுக்கு நடுவே வந்ததும் அந்தச் சொல் தன் பழைய வேலைக்கே போய்விடுகிறது.

என் பரிந்துரை ‘குடும்பச் சாயல்’. எண்ணாகச் சொல்லும்போது ‘சாயல் கெழு’ (கெழு என்பது ‘கோஎஃபிஷியன்ட்’, அளவைக் காட்டும் எண்). (1918-இல் புள்ளியியலாளர் ஃபிஷர் உறவினர் ஒட்டுறவைப் பற்றி எழுதப்போய், அளவுகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதை ‘வேரியன்ஸ்’ என்று ஒரே சொல்லில் முடித்தார், நாம் விலக்க வர்க்கச் சராசரி என்று மூன்றைக் கோத்தோம். குட்டைச் சொல்லுக்கு அலைவது அதனால்தான்.) சாயல் முகத்துக்குத்தானே என்பீர்கள். நடையில் அப்பன் சாயல் என்கிறோமே! கூடவே வாழ்ந்து புருஷன் பெண்டாட்டிக்கும் சாயல் வந்துவிட்டது என்றும் சொல்கிறோம், எனக்குப் பிடித்ததே அதுதான், ஏனென்றால் இந்த அளவில் மரபணு மட்டும் இல்லை, ஒரே அடுப்பின் உப்பும் சேர்ந்தே வரும். மரபுக்கு உரியதைத் தனியே சொல்ல ‘மரபுப் பங்கு’ இருக்கட்டும்.

அந்த உப்பைப் பிரித்துப் பார்க்கக் கணவன் மனைவியையும் அளப்பார்கள், ஒரே வீடு, வேறு ரத்தம் என்று. நம் ஊரில் அது அப்படியே செல்லாது. தாய்மாமனைக் கட்டியவளுக்கு அவரோடு சராசரியாகக் கால் பங்கு மரபணு பொது, அத்தை மகனைக் கட்டியவளுக்கு எட்டில் ஒரு பங்கு. சொந்தத்தில் கல்யாணமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

அப்புறம் இன்னொரு சிக்கல். ‘அண்ணன் தம்பி’ என்று கேட்டால் பெரியப்பா மகனும் வந்து நிற்பார். கூடப்பிறந்தவருக்கு அரைப் பங்கு, இவருக்கு எட்டில் ஒன்று. இரண்டு பேரையும் ஒரே கட்டத்தில் போட்டால் கெழு இறங்கிவிடும். ‘ஒரே வயிற்றில் பிறந்தவர்’ என்று மாற்றிப் பார்த்தோம், அதிலும் அப்பா வேறாக இருந்தால் கால் பங்குதான். ஆகவே ‘ஒரே தாய்தந்தை மக்கள்’.

‘ஜாடை’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். ஜாடைக் கெழு என்றால் யாரோ கண்ணடிப்பது போல இருக்கிறது, வேண்டாம். ‘சாயற்கெழு’ என்று புணர்த்தலாமா, இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாட்டிக்குக் கொடுக்கும் படிவத்தில் மட்டும் நான் பிரித்தேதான் எழுதுவேன்.